ஓர் இலக்கத்துக்குள் இரண்டு லட்சம் ஏக்கர்: பல்கலைக்கழக அறிவும் அரசும் ஏலமலை மக்களும்

(உடும்பஞ்சோலை வட்டத் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

திருவிதாங்கூர் அரசு 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் அறிவிக்கையைப் பற்றி இன்றளவும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஏலமலைக் காப்பு நிலத்தின் பரப்பு எவ்வளவு என்பதே அவ்வழக்கின் மையம். 15,720 ஏக்கர் என்கிறது கேரள அரசு. 2,15,720 ஏக்கர் என்கின்றனர் வழக்குத் தொடுத்த சூழலியல் அமைப்பினர். முன்னால் 2 என்ற இலக்கம் உண்டா, இல்லையா என்பதற்குள் இரண்டு லட்சம் ஏக்கர் நிலம் அடங்கிக் கிடக்கிறது. அந்நிலத்தில் ஊர்கள் இருக்கின்றன; பள்ளிகளும் கடைவீதிகளும் ஏலத்தோட்டங்களும் இருக்கின்றன. மண் வருவாய்த் துறைக்கு, மரம் வனத் துறைக்கு என்ற இரட்டை ஆளுகையில் தலைமுறைகள் கடந்துவிட்டன. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அந்நிலத்தில் புதிய பட்டா எதுவும் வழங்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

அந்த ஓர் இலக்கத்தை முடிவு செய்வதற்கு யாருடைய அறிவு வேண்டும்? பழைய ஆவணங்களைப் படிக்கத் தெரிந்த வரலாற்று ஆய்வாளர் வேண்டும். நிலத்தை அளக்கத் தெரிந்தவர் வேண்டும். காடு எது, தோட்டம் எது என்று பிரித்தறியத் தெரிந்த தாவரவியலாளர் வேண்டும். அத்தகையோர் எழுதும் அறிக்கைகள்தாம் அமைச்சரவைக்கும் நீதிமன்றத்துக்கும் செல்கின்றன. கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இம்மலைக்கு வந்து காய் பறித்துவிட்டு இருட்டும் வேளையில் இறங்கிச் செல்கின்ற பெண் தொழிலாளியின் கைக்கு அவ்வறிக்கையின் ஒரு பக்கம்கூட வருவதில்லை. ஆனால் அவருடைய வேலையும் கூலியும் உடல்நலமும் அதனுள்தான் எழுதப்படுகின்றன.

ஆகவே, பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் அரசுக்கு எவ்வாறு அறிவுரை வழங்குகின்றன, எப்போது அந்த அறிவுரை சுதந்திரமானது, உழைப்பாளி மக்களின் இயக்கம் அதனை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்ற கேள்விகள் படித்தவர்களின் பொழுதுபோக்கு விவாதம் அல்ல. இம்மலையில் அவை நிலத்தின் கேள்விகள், உயிரின் கேள்விகள்.

அரசு அறிவைப் பெறும் வழிகள்

எந்த அரசும் தன் அலுவலர்களின் அறிவைக் கொண்டு மட்டும் ஆட்சி நடத்த இயலாது. மண்சரிவு, நச்சு மருந்து, அணையின் உறுதி, நோய்ப் பரவல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கணக்கில் ஒரே துறையில் உழைத்தவர்களின் துணை வேண்டியிருக்கிறது. அத்துணையை அரசு பல வழிகளில் பெறுகிறது.

முதலாவது, நிலையான நிறுவனங்கள். அச்சுத மேனன் முதலமைச்சராக இருந்த காலத்தில் கேரளத்தில் வளர்ச்சி ஆய்வு மையமும் பீச்சியில் வன ஆராய்ச்சி நிறுவனமும் உருவாயின. இந்த வட்டத்திலேயே பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏல ஆராய்ச்சி நிலையமும், மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. இரண்டாவது, குறிப்பிட்ட சிக்கலுக்காக அமைக்கப்படும் வல்லுநர் குழுக்கள். மூன்றாவது, அரசோ அரசு நிறுவனமோ பணம் கொடுத்துச் செய்விக்கும் ஆய்வுகள். நான்காவது, நீதிமன்றம் அமைக்கும் குழுக்கள்.

ஐந்தாவது வழி ஒன்றும் உண்டு. யாரும் கேளாமலே, தம் கடமையென்று கருதி ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் முன்வந்து சொல்வது அது. இடித்துரைத்தல் என்று தமிழ் மரபு போற்றுவது இதனையே. கேரளத்தில் இவ்வழியின் வலிமையைக் காட்டிய நிகழ்ச்சி பாலக்காட்டு மலையில் நடந்தது.

கேளாமல் சொன்ன அறிவுரை

பாலக்காடு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973இல் திட்டக் குழு ஒப்புதல் அளித்தது. 1976இல் ஒன்றிய அரசின் தரப்பில் ஜாபர் ஃபதேஹல்லி தலைமையில் ஒரு பணிக்குழு ஆராய்ந்தது. திட்டத்தைக் கைவிடுவதே நன்று என்று அக்குழு பரிந்துரைத்தது. அத்துடன் நின்றிருந்தால் நலமாயிருந்திருக்கும். கைவிட இயலாவிடில் இன்னின்ன பாதுகாப்பு நிபந்தனைகளைக் கைக்கொள்ளலாம் என்றும் சேர்த்து எழுதியது. அரசு முதற்பகுதியை ஒதுக்கிவிட்டு இரண்டாம் பகுதியை எடுத்துக்கொண்டது. நிபந்தனைகளை ஏற்பதாகச் சொல்லி வேலையைத் தொடர முற்பட்டது. அறிக்கையில் ஒரு சாளரம் திறந்திருந்தால் ஆட்சி அதன் வழியாகவே நுழையும் என்பதற்கு இது சான்று.

இந்நிலையில், 1979இல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஓர் ஆய்வு நூலை வெளியிட்டது. அதனை எழுதிய ஐவரில் தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் இருந்தார், பொறியாளர்கள் எம்.பி. பரமேஸ்வரன், வி.கே. தாமோதரன் ஆகியோர் இருந்தனர். வேளாண் அறிவியலாளர் ஒருவரும் பொருளியலாளர் கே.பி. கண்ணனும் இருந்தனர். காட்டின் அருமையைப் பாடி முடித்துவிடவில்லை அவர்கள். மலபாருக்கு மின்சாரம் எவ்வளவு வேண்டும், அதனை வேறு எவ்வழியில் பெறலாம், இத்திட்டத்தால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினர். மின்சாரம் வேண்டும் என்ற மக்களின் நியாயத்தை ஏற்றுக்கொண்டு, அதற்கு மாற்று வழி சொன்னதே அவ்வறிக்கையின் வலிமை.

அன்று இடதுசாரி இயக்கத்துக்குள்ளும் திட்டத்தை ஆதரித்தவர்கள் பலர். தொழில் வளர்ச்சி, வேலைவாய்ப்பு, மின்சாரம் என்ற அவர்களுடைய அக்கறை பொய்யன்று. இயக்கத்தோடு நெருக்கமான அறிவாளிகளே அதே இயக்கத்திடம் எதிர்க்கருத்தைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு விலகிச் செல்லாமல் ஊர் ஊராகச் சென்று விவாதித்தார்கள். பின்னர் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் ஒன்றிய, மாநிலத் தரப்புகள் இணைந்த குழு ஆராய்ந்தது. திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நட்பின் பெயரால் வாய்மூடாத அறிவே நட்புக்கு உதவுகிறது என்பது அமைதிப் பள்ளத்தாக்கு தந்த பாடம்.

பூட்டி வைக்கப்பட்ட அறிக்கை

முப்பது ஆண்டுகள் கழிந்து வந்த மேற்குத் தொடர்ச்சி மலை அறிக்கையின் கதை வேறு. அந்தப் பாதையில்தான் உடும்பஞ்சோலை நேரடியாக நிற்கிறது.

2010 மார்ச்சில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய சூழலியல் பேராசிரியர் மாதவ் காட்கில் தலைமையில் வல்லுநர் குழுவை அமைத்தது. பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் சேர்ந்த பலர் அதில் உறுப்பினர்கள். 2011 ஆகஸ்ட் 31 அன்று குழு தன் அறிக்கையை அளித்தது. மலைத்தொடர் முழுவதையும் சூழல் நுண்மை கொண்ட பகுதியாகக் கருதி, மூன்று காப்பு மண்டலங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் எது தகும், எது தகாது என்று அது வரையறுத்தது. மண்டலங்களின் எல்லை இறுதியானது அன்று. கிராம சபைகள் விவாதித்துத் திருத்த வேண்டும் என்பதும் அறிக்கையின் நிலைப்பாடு. உள்ளூர் மொழிகளில் பெயர்த்து மக்கள் முன் வைக்க வேண்டும் என்று காட்கில் பின்னரும் பலமுறை வற்புறுத்தினார்.

நடந்தது என்ன? அமைச்சகம் அறிக்கையைப் பூட்டி வைத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோதும் தர மறுத்தது. மத்தியத் தகவல் ஆணையம் வெளியிடச் சொன்னது. அமைச்சகம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கமே நின்றது. 2012 மே மாதத்தில்தான் அறிக்கை வெளிவந்தது. அதுவும் ஆங்கிலத்தில், பல நூறு பக்கங்களில்.

அறிக்கை வெளிவராத காலத்தில் வதந்தி வெளிவந்தது. குடியேற்ற விவசாயிகள் மலையிலிருந்து இறக்கப்படுவார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. யாரையும் வெளியேற்ற வேண்டும் என்று அறிக்கை சொல்லவில்லை. அதே வேளையில், விவசாயியின் அச்சம் முழுவதும் வதந்தியால் விளைந்தது என்று தள்ளிவிடுவதும் நேர்மையன்று. பொது நிலம் தனியார் நிலமாக மாற்றப்படக் கூடாது என்று அறிக்கை சொன்னது. பெருநகரத்தில் இருந்து படிப்பவருக்கு அது நிலக்கொள்ளைக்கு எதிரான வரி. பட்டாவுக்காக இரண்டு தலைமுறையாகக் காத்திருக்கும் உடும்பஞ்சோலைச் சிறு விவசாயிக்கு அது தன் வீட்டுக் கதவில் அறையப்பட்ட ஆணி. இரசாயன நச்சு மருந்துகளைப் படிப்படியாக, மிக உயர்ந்த காப்பு மண்டலத்தில் ஐந்து ஆண்டுகளுக்குள், நிறுத்த வேண்டும் என்றும் அறிக்கை சொன்னது. ஏல விவசாயி அதைக் கேட்டுத் திகைத்தார். மருந்தடிக்கும் கூலித் தொழிலாளி கேட்டிருந்தால் வரவேற்றிருக்கவும் கூடும். ஆனால் அவருக்கு அதை யாரும் படித்துக் காட்டவில்லை.

வானிலிருந்து பார்த்த கண்

காட்கில் அறிக்கையை ஆராய 2012 ஆகஸ்டில் கஸ்தூரிரங்கன் தலைமையில் உயர்நிலைப் பணிக்குழு அமைக்கப்பட்டது. விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் முன்னாள் தலைவரான அவர் அப்போது திட்டக் குழுவின் உறுப்பினர். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அக்குழு மலையை இயற்கை நிலம், மக்கள் வாழ்ந்து பண்படுத்திய நிலம் என்று இரண்டாகப் பிரித்தது. மலைத்தொடரில் ஏறத்தாழ 37 விழுக்காடு, அதாவது சற்றேறக்குறைய 60,000 சதுர கிலோமீட்டர், காக்கப்பட வேண்டும் என்று 2013 ஏப்ரலில் பரிந்துரைத்தது. கேரளத்தில் 123 கிராமங்கள், 13,108 சதுர கிலோமீட்டர் அதனுள் வந்தன.

ஏலம் பெருமரங்களின் நிழலில் விளையும் பயிர். வானிலிருந்து பார்ப்பவருக்குத் தோட்டமும் காடாகத் தோன்றும்; மரத்தின் கீழே குனிந்து காய் பறிப்பவர் தென்படமாட்டார். கேரளத்தில் எழுந்த ஆட்சேபத்தின் சாரம் இதுவே. 2013 நவம்பரில் ஒன்றிய அரசு அப்பரிந்துரையின் அடிப்படையில் ஆணை பிறப்பித்ததும் இடுக்கியிலும் வயநாட்டிலும் கதவடைப்பும் போராட்டமும் வெடித்தன. 2014 நாடாளுமன்றத் தேர்தலில் இடுக்கித் தொகுதியின் முடிவையே அப்போராட்டம் தீர்மானித்தது. இடது ஜனநாயக முன்னணி ஆதரித்த சுயேச்சை வேட்பாளர் வெற்றி பெற்றார்.

இதற்கிடையே மாநில அரசு, விலங்கியல் பேராசிரியரும் மாநிலப் பல்லுயிர் வாரியத் தலைவருமான உம்மன் வி. உம்மன் தலைமையில் மூவர் குழுவை அமைத்தது. அது மலையோர மக்களை நேரில் கேட்டது. குடியிருப்புகளையும் விளைநிலங்களையும் தோட்டங்களையும் விலக்க வேண்டும் என்றது. 2014 மார்ச்சில் வந்த வரைவு அறிவிக்கையில் கேரளத்தின் பரப்பு 9,993.7 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. மக்களைக் கேட்டது சரியே. ஆயின் முதலில் நடந்திருக்க வேண்டிய அந்தக் கேட்பு, போராட்டம் மூண்ட பிறகு, தேர்தல் வாசலில், சில மாதங்களுக்குள் அவசரமாக நடந்தது. வரைவுக்கு மேல் வரைவு வந்தது. ஆறாவது வரைவு 2024 ஜூலை 31ஆம் தேதியிட்டது. அதற்கு முந்தைய நாள் விடியலில்தான் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயிருந்தன.

மூன்று குழுக்களிலும் அறிவிற் சிறந்தவர்கள் இருந்தார்கள். ஒவ்வொன்றின் கண்ணும் வேறு. பிழை எங்கே நேர்ந்தது? அறிஞர் எழுதினார், அமைச்சகம் மறைத்தது, நீதிமன்றம் திறந்தது, மக்கள் கடைசியில் வதந்தியாக அறிந்தார்கள். அறிவுரையின் வரிசை தலைகீழாக இருந்தது.

கேள்வியை எழுதுவது யார்?

மறைத்தல் ஒரு நோய் என்றால், கட்சிக்காரர் தனக்கு வேண்டிய விடையைத் தரும் வல்லுநரைத் தேடிக்கொள்வது மற்றொரு நோய். முல்லைப் பெரியாறு சிக்கலில் இதன் விளைவை இம்மலை பட்டறிந்தது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட அணை எந்த அளவு நீரைத் தாங்கும் என்பது பொறியியல் கேள்வி. அதற்குக் கேரள அரசு ஐ.ஐ.டி. பேராசிரியர்களிடம் ஆய்வறிக்கைகள் பெற்றது. அணைக்கு ஆபத்து என்று அவை கூறின. தமிழ்நாடு அரசு மத்திய நீர் ஆணையத்தின் முடிவுகளையும் பொறியாளர்களின் சான்றையும் வைத்தது. அணை உறுதியாக உள்ளது என்று அவை கூறின. உச்ச நீதிமன்றம் 2010இல் நீதியரசர் ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் அதிகாரம் பெற்ற குழுவை அமைத்தது. 2012 ஏப்ரலில் அக்குழு அணை பாதுகாப்பானது என்றது. 2014 மே 7 அன்று நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது.

எந்தப் பேராசிரியரும் பொய் எழுதினார் என்பது இங்கு வாதமன்று. வழக்காடும் தரப்பு கேள்வியை எழுதிக் கொடுத்து ஆய்வுக்குப் பணமும் கொடுக்கும்போது, விடை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் எதிர்த்தரப்பு அதனை அறிவாக ஏற்காது, வக்காலத்தாகவே பார்க்கும். இரு மாநிலங்களின் வல்லுநர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே அளவீடுகளைப் பார்த்து, எதில் உடன்பாடு, எதில் வேறுபாடு என்று இரு மொழிகளிலும் வெளியிட்டிருந்தால், 2011 டிசம்பரில் எல்லை அவ்வளவு கொதித்திருக்காது. அந்நாள்களில் அடிபட்டவர் யார்? அமைச்சர்களும் அல்லர், வல்லுநர்களும் அல்லர். வேலைக்கு வர அஞ்சி மலையிறங்கிய தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். எல்லையின் அப்பால் கடை மூடிய மலையாளச் சிறு வணிகர்கள்.

பணம் கொடுப்பவர் யார் என்ற கேள்வியைக் காசர்கோடு இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. அங்கே அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் எண்டோசல்ஃபான் ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்டது. தோட்டக் கழகம் பணம் கொடுத்துச் செய்வித்த ஆய்வு மக்களின் இரத்தத்தில் நச்சின் எச்சம் இல்லை என்றது. தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பின் அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் செய்த ஆய்வோ, குழந்தைகளின் உடற்கேடுகளுக்கு அந்நச்சே காரணமாயிருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்றது. 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதற்கு நாடு முழுவதும் தடை விதித்தது.

மருந்தடிப்பவரே முதல் சாட்சி

இந்த மலையில் அதனைத் தொழிலாளி நச்சு என்று சொல்வதில்லை, மருந்து என்கிறார். ஏலப் பயிருக்கு ஆண்டில் பலமுறை மருந்தடிக்கப்படுகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணியில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆய்வகம் சந்தைக் காய்கறிகளிலும் நறுமணப் பொருள்களிலும் எச்சத்தைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வருகிறது. பாராட்டத்தக்க பொதுப்பணி. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காயில் தங்கிய எச்சத்தைப் பற்றி வெளிநாட்டுச் சந்தை கேட்கிறது. ஆகவே அது அளக்கப்படுகிறது. தொழிலாளியின் இரத்தத்தில் தங்கியதைப் பற்றி எந்தச் சந்தையும் கேட்பதில்லை. அதனைக் கேட்க வேண்டியது தொழிற்சங்கம். ஆய்வுப் பொருளைத் தேர்ந்தெடுப்பதிலேயே வர்க்க அரசியல் தொடங்கிவிடுகிறது.

அறிவு மேலிருந்து கீழே மட்டும் ஒழுகுவதும் அன்று. இன்று ஏலமலையில் மிகப் பரவலாகப் பயிரிடப்படும் ஞள்ளானி வகையைத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர் இடுக்கி விவசாயி ஒருவரே, ஆய்வகம் அன்று. பல்கலைக்கழகம் சொல்லவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். மருந்தடித்த அன்று தலை சுற்றுகிறது என்று ஒரு தொழிலாளி சொல்வது புலம்பல் அல்ல. ஆய்வின் முதல் தரவு.

பிரிட்டனின் அனுபவம் இதற்குத் துணை நிற்கிறது. மாடுகளிடையே மூளைச்சிதைவு நோய் பரவியபோது, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் சவுத்வுட் தலைமையிலான குழு 1989இல் மனிதருக்கு ஆபத்து நேர்வது மிக அரிது என்றது. இம்மதிப்பீடு தவறானால் விளைவு மிகக் கொடிதாயிருக்கும் என்றும் எச்சரித்தது. அமைச்சர்கள் முதல் வாக்கியத்தை ஆண்டுக்கணக்கில் முழங்கினார்கள். இரண்டாம் வாக்கியத்தை விழுங்கினார்கள். 1996 மார்ச்சில் அந்நோய்க்கும் மனித உயிரிழப்புக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அரசே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. குந்திப்புழையில் நடந்ததும் இதுவே. அறிவுரையை ஆட்சி நறுக்கி எடுத்துக்கொள்ளும். முழு அறிக்கையும் மக்களிடம் இருந்தால்தான் நறுக்கியது தெரியவரும்.

வாய்ப்பூட்டு

2023 ஜனவரியில் உத்தராகண்டின் ஜோஷிமட் நகரம் புதையத் தொடங்கியது. நிலம் எவ்வளவு தாழ்ந்தது என்று விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் படங்கள் வெளியானவுடன், ஊடகங்களிடம் பேசக் கூடாது என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆய்வு நிறுவனங்களுக்குக் கட்டளை அனுப்பியது. அந்நகரில் கனத்த கட்டுமானம் கூடாது என்று மிஸ்ரா குழு எச்சரித்தது 1976ஆம் ஆண்டிலேயே. நாற்பத்தேழு ஆண்டு பழைய எச்சரிக்கையைப் புறக்கணித்தவர்கள் புதிய எச்சரிக்கையின் வாயையும் மூடினார்கள்.

கேரளத்திலும் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பின், அறிவியல் நிறுவனத்தார் அப்பகுதிக்குச் செல்லவும் ஊடகங்களில் கருத்துச் சொல்லவும் தடை விதித்து ஓர் அதிகாரியின் உத்தரவு வெளிவந்தது. எதிர்ப்பு எழுந்ததும் முதலமைச்சர் தலையிட்டு அதனைத் திரும்பப் பெறச் செய்தார். திரும்பப் பெற்றது நன்று. அத்தகைய உத்தரவு எழுதப்பட்டது நன்றன்று. ஒன்றிய அரசு செய்தால் கண்டிப்பதும் சொந்த அரசு செய்தால் காணாதிருப்பதும் இடதுசாரிகளுக்கு அழகல்ல.

இம்மலைக்கு இது ஏன் உயிர்க் கேள்வி? 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். 2013இல் காடா, விவசாயியா என்று மலை முழுவதும் விவாதித்தது. லயத்தில் குடியிருப்பவர் அந்த விவாதத்தில் இடம்பெறவில்லை. அவருக்குப் பட்டா நிலமும் இல்லை, காடும் இல்லை. எந்தச் சரிவின் கீழே எந்த லயம் நிற்கிறது என்று வரைபடம் இட்டு, அதனைத் தமிழில் அந்த லயத்தின் சுவரிலேயே ஒட்டுவதுதான் பல்கலைக்கழகம் அவருக்குத் தரக்கூடிய அறிவுரை.

பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பு

இத்தனை சொன்ன பின், அறிவுரை தருகிற நிறுவனத்தின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் காத்திருக்கும் ஆசிரியர் அமைச்சரின் முகம் சுளிக்கும்படி எழுதுவாரா? 2023இல் இயற்றப்பட்ட தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள்; அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வரும் என்றும் சொன்னார்கள். பணம் தனியாருடையதானால் கேள்வியும் தனியாருடையதாகும். 2025 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிகள், துணைவேந்தரைத் தேர்ந்தெடுப்பதில் வேந்தரான ஆளுநரின் பிடியை இறுக்கின. தொழில் துறையினரும் துணைவேந்தராகலாம் என்றன. தமிழ்நாடு, கேரளச் சட்டமன்றங்கள் அவற்றை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. மாநில உரிமைக்கான அந்தப் போராட்டம் தேவையானது. ஆனால் ஆளுநரின் கையிலிருந்து மீட்ட பல்கலைக்கழகத்தை ஆளுங்கட்சியின் கையில் கொடுப்பது அதன் நோக்கமாயிருக்க முடியாது.

கட்சியின் கடமை

தோழர்களே! சுதந்திரமான அறிவுரை என்பது மக்களிடமிருந்து விலகி நிற்கும் அறிவுரை அன்று. பணத்திடமிருந்தும் அதிகாரத்திடமிருந்தும் விலகி நின்று, மக்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்ட அறிவுரையே சுதந்திரமானது. அதனை உறுதிசெய்ய நான்கு கோரிக்கைகள் எழுப்பப்பட வேண்டும்.

ஒன்று: ஒவ்வோர் ஆய்வுக்கும் யார் கேள்வி எழுதினார், யார் பணம் கொடுத்தார் என்பது முதற்பக்கத்தில் அச்சாக வேண்டும். இரண்டு: அரசிடம் அளிக்கப்பட்ட அறிக்கை குறித்த நாள்களுக்குள் முழுமையாக வெளியாக வேண்டும், அரசு ஏற்காத பகுதிக்கு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். மூன்று: இடுக்கியைப் பற்றிய அறிக்கை மலையாளத்திலும் தமிழிலும் வெளிவந்து, கிராம சபையிலும் தோட்டத்திலும் விவாதிக்கப்பட்ட பின்னரே முடிவு எடுக்கப்பட வேண்டும். நான்கு: குழுக்களில் பேராசிரியர்களுடன் சிறு விவசாயியும் தோட்டத் தொழிலாளியும் பழங்குடியினரும் இடம்பெற வேண்டும், பேசியதற்காக எந்த ஆய்வாளரும் தண்டிக்கப்படக் கூடாது.

இவை அரசிடம் வைக்கும் கோரிக்கைகள். கட்சி தன்னிடமே வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்று உண்டு. அறிக்கையை ஏற்பதானாலும் எதிர்ப்பதானாலும் முதலில் படிக்க வேண்டும். பத்து மணி நேரம் படிக்க வேண்டியதைப் பத்து நிமிடத் தெருமுனைப் பேச்சில் கேட்டு முடிவெடுக்கும் பழக்கம் முதலாளித்துவக் கட்சிகளுக்குப் போதுமானதாக இருக்கலாம். ஏலமலைக் காப்பு நில வழக்கில் நாளை தீர்ப்பு வரும்; அதற்கு முன் குழுக்கள் வரும், அளவையாளர்கள் வருவார்கள். அந்த 1897ஆம் ஆண்டு அறிவிக்கையில் என்ன எழுதியிருக்கிறது, அரசு என்ன சொல்கிறது, மறுதரப்பு என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொரு கிளையும் தமிழில் படித்து விவாதித்திருந்தால், பட்டா கேட்கும் விவசாயிக்கும் கூலி கேட்கும் தொழிலாளிக்கும் வதந்தியின் இடத்தில் ஆதாரம் இருக்கும். அளக்க வருபவரிடம் கேட்பதற்குக் கேள்விகளும் இருக்கும்.